இந்த எண் யாருக்கு இயல்பு? செவிலிய மாணவர் ஒருவருக்குப் பதில்

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மூன்றாம் ஆண்டு செவிலியம் படிக்கிறீர்கள். மருந்தின் பெயர், அளவு, பக்கவிளைவு எல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனாலும் மதிப்பீட்டுத் தாளில் ‘விமர்சனச் சிந்தனை போதாது’ என்றே எழுதுகிறார்கள். வார்டில் ‘ஏன்?’ என்று கேட்டால் ‘டாக்டர் எழுதியிருக்கிறார்’ என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லை. இது பிறவியில் வரவேண்டியதா, பழகினால் வருமா, மூத்த சிஸ்டரிடம் கேள்வி கேட்டால் திமிர் என்கிறார்களே, அதற்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பழகினால் வரும். இந்த ஊர் வார்டுகளில் வேலை பார்த்தும், பிறகு உங்களைப் போன்ற மாணவர்களுக்குக் கற்பித்தும் என் பணிக்காலம் கழிந்திருக்கிறது. அதை வைத்து இதை உறுதியாகச் சொல்கிறேன். பிறவி மேதையாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் எப்படிப் பழகுவது என்பதை யாராவது சொல்லித்தர வேண்டும். ‘சிந்தியுங்கள், சிந்தியுங்கள்’ என்று மாணவரை நோயாளியின் முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டுத் தலைகுனிய வைப்பதைக் கற்பித்தல் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பயந்தவர் மனப்பாடத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்வார். உங்களுக்கு நடந்ததும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஒரு நோயாளியின் கதையும் அல்ல. பாடத்துக்காக நான் கட்டியது. ஆனால் இதில் வரும் ஒவ்வொரு துண்டையும் டர்பன் அவசரப் பிரிவுகளில் எந்த வாரமும் பார்க்கலாம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து 68 வயது ஆயா ஒருவரை மகன் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார். வயிறு எரிகிறது, எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறார். நீங்கள் அளவெடுக்கிறீர்கள். நாடித்துடிப்பு 84. இரத்த அழுத்தம் 108க்கு 86. சுவாசம் நிமிடத்துக்கு 22. வெப்பநிலை 36.2. நல்ல நினைவோடு பேசுகிறார். யாரை முதலில் பார்ப்பது என்று வரிசைப்படுத்தும் தென்னாப்பிரிக்க ட்ரையாஜ் அளவுகோலின்படி மதிப்பெண் போடுவோம். துணையோடு நடப்பதற்கு 1, சுவாசத்துக்கு 2, மற்றவற்றுக்கெல்லாம் பூஜ்யம். மொத்தம் 3. மஞ்சள் நிறம். ஒரு மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்தால் போதும். ஆயாவைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம். தாளில் ஒரு தவறும் இல்லை.

இப்போது அந்த எண்களை மீண்டும் பாருங்கள், ‘இது இயல்பா?’ என்று கேட்காதீர்கள், ‘இது இந்த ஆயாவுக்கு இயல்பா?’ என்று கேளுங்கள். மகனின் கையில் கிளினிக் அட்டை இருக்கிறது. வாங்கிப் புரட்டினால் கடந்த மாதங்களில் அவருடைய மேல் அழுத்தம் 160க்கும் 170க்கும் இடையிலேயே இருந்திருக்கிறது. அப்படியானால் இன்றைய 108 இயல்பான எண் இல்லை, பெரிய சரிவு. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடைவெளி வெறும் 22. அதுவும் சுருங்கியிருக்கிறது. அட்டையில் அடினோலால் எழுதியிருக்கிறது. அந்த மாத்திரை இதயத்தை வேகமாகத் துடிக்க விடாது. உடலில் இரத்தம் குறைந்தாலும் நாடி 84லேயே நிற்கும். அளவுகோல் நாடிக்குப் பூஜ்யம் கொடுத்ததற்குக் காரணம் மாத்திரைதான். கையைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கிறது. மாத்திரையால் மறைக்க முடியாத ஒன்று சுவாசம். அது 22க்கு ஏறியிருக்கிறது.

அடுத்த கேள்வி, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய ஐபுபுரூஃபன், பல வாரங்களாக. அதை யாரும் அட்டையில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆயாவும் அதை மருந்தாகவே நினைத்திருக்க மாட்டார். ‘டாக்டர் தராத மாத்திரை, பக்கத்து வீட்டு அக்கா தந்தது, நாட்டு மருந்து ஏதாவது?’ என்று கேட்டால்தான் வெளியே வரும். பிறகு மலம் என்ன நிறம் என்று கேட்க வேண்டும். மகன் பக்கத்தில் நின்றால் எந்த ஆயாவும் வாய்திறக்க மாட்டார். மகனைப் பதிவு மேசைக்கு அனுப்பிவிட்டு, திரையை இழுத்துவிட்டு, தாழ்ந்த குரலில் தமிழில் கேளுங்கள். கறுப்பாகப் போகிறது என்கிறார்.

இங்கே நிறையப் பேர் ‘வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறது, கண்டுபிடித்துவிட்டேன்’ என்று நின்றுவிடுவார்கள். நிற்காதீர்கள். உங்கள் ஊகத்தை உடைக்கக்கூடிய கேள்வி எது என்று தேடுங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆகவே அதைக் கேளுங்கள். சாப்பிடவில்லை, மலம் தார் போல ஒட்டுகிறது, நாற்றம் தாங்கவில்லை என்கிறார். இப்போது உங்கள் ஊகம் ஒரு சோதனையைத் தாண்டி வலுப்பெற்றிருக்கிறது. ஐபுபுரூஃபனால் வந்த வயிற்றுப்புண்ணிலிருந்து இரத்தம் கசிகிறது என்று சந்தேகிக்கப் போதுமான காரணம் கையில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் முதல் ஹீமோகுளோபின் நன்றாகவே வரலாம், அதற்கும் ஏமாறக் கூடாது. இரத்தம் வேகமாக இழக்கப்படும்போது மிஞ்சிய இரத்தம் நீர்த்துப்போகச் சில மணி நேரம் ஆகும். அதுவரை எண் குறையாது.

இந்த அளவுகோலை வடிவமைத்தவர்கள் அதன் கடைசிப் படியில், அனுபவமுள்ள செவிலியரோ டாக்டரோ தம் கணிப்பின்படி நிறத்தை மாற்றலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். மஞ்சளை ஆரஞ்சாக்கினால் 60 நிமிடம் 10 நிமிடமாகிவிடும். மாணவராகிய நீங்கள் நிறத்தை மாற்ற முடியாது. ஆனால் மாற்றக்கூடிய சிஸ்டரிடம் காரணத்தோடு சொல்ல முடியும். அட்டையையும் அளவுகோலையும் நான் குறைசொல்லவில்லை. களைத்துப்போன மனிதரைத் தாங்கிப்பிடிக்கத்தான் அவை இருக்கின்றன. அவை கேட்காத கேள்வியைக் கேட்பதுதான் உங்கள் பங்கு.

கிறிஸ்டீன் டானர் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் 2006இல் செவிலியரின் கணிப்பை நான்கு அசைவுகளாக விவரித்தார். கவனிப்பது, கவனித்ததற்குப் பொருள் காண்பது, செயல்படுவது, செய்தபோதும் செய்த பிறகும் அதைத் திரும்பிப் பார்ப்பது. உங்கள் வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். என் அனுபவத்தில் மாணவர்கள் தடுமாறுவது முதல் அசைவிலேயே. பொருள் காணத் தெரியாததால் அல்ல, கவனிக்காததால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அதிலும் மோசமாக அலட்சியப்படுத்தப்படுவது சுவாசம். ஒரு வார்டு முழுவதும் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பேரும் ஒரே வேகத்தில் மூச்சுவிட முடியுமா? கடிகாரத்தைப் பார்த்து முழு 60 வினாடி எண்ணுங்கள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் நோயாளிக்குத் தெரியாது. தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும். நிலைமை மோசமாவதை மற்ற எண்களுக்கு முன்னால் பலமுறை சுவாசம்தான் காட்டிக்கொடுக்கும்.

இனி, நம் ஊருக்கே உரிய ஒரு தடையைச் சொல்ல வேண்டும். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்கிறேன். இன்னின்ன நோய் இன்னின்ன இனத்தாருக்கு என்று எங்கள் தலைமுறை ஒரு கணக்கு வைத்திருந்தது. இந்தியர் என்றால் சர்க்கரை, மாரடைப்பு. இந்தப் பகுதியின் ஆப்பிரிக்கரான சூலு மக்கள் என்றால் டிபி (காசநோய்), எச்ஐவி. இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோய் மிக அதிகம் என்பது நெடுநாளாகத் தெரிந்ததுதான். ஆபத்து மற்றப் பாதியில் இருக்கிறது. டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வரும் 55 வயதுத் தமிழர் ஒருவருக்குச் சர்க்கரை கட்டுப்படவில்லை, உடல் இளைத்துக்கொண்டே போகிறது, லேசான இருமல். ‘சர்க்கரைதான் இளைக்க வைக்கிறது’ என்று மருந்தின் அளவைக் கூட்டி அனுப்பிவிடுவார்கள். ஆனால் சர்க்கரை நோய் இருப்பவருக்கு டிபி வரும் வாய்ப்பு மற்றவரைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். இருமல், காய்ச்சல், இரவில் வியர்வை, எடைக் குறைவு என்ற நான்கு கேள்விகளும் எல்லோருக்கும் உரியவை. குடும்பத்தார் வெட்கப்படுவார்களே என்று தமிழ் நோயாளியிடம் மட்டும் அவற்றைக் கேட்காமல் விடுவது அவருக்குச் செய்யும் கேடு.

மறுபக்கமும் உண்டு. குழந்தை பெற்று ஆறு வாரமான இளம் சூலுப் பெண் இருமலோடும் மூச்சுத் திணறலோடும் வருகிறார். டிபி என்று சளியைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு உட்கார வைக்கிறார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா, இரண்டு மூன்று தலையணை வைத்துத் தூங்குகிறாரா, கால் வீங்கியிருக்கிறதா என்று யாராவது கேட்டார்களா? பிரசவத்தை ஒட்டி இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் இந்த நாட்டில் அரிதல்ல. காத்திருப்பு நாற்காலியிலேயே அவர் உயிர் போகலாம். டிபி பரிசோதனையை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் தோன்றிய பெயரோடு மனத்தை மூடிவிடாமல் ‘வேறு என்னவாக இருக்கலாம், அதில் உடனே உயிரைப் பறிப்பது எது?’ என்று கேட்டுப் பழகுங்கள் என்கிறேன். இந்த ஒரு கேள்வியை எல்லாப் படுக்கையிலும் கேட்டால் உங்கள் மதிப்பீட்டுத் தாள் தானாக மாறும்.

நம் மக்களின் வாழ்க்கையைத் தெரிந்திருப்பதும் சிந்தனையின் ஒரு பகுதிதான். தைப்பூசக் காவடிக்காக விரதம் இருக்கும் பெரியவர் ஒருவர் மயங்கிய நிலையில் வருகிறார், சர்க்கரை லிட்டருக்கு 2.4 மில்லிமோல், மிகக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழித்து, 6.1 ஆகி, ‘வீட்டுக்குப் போகிறேன், கோயில் வேலை கிடக்கிறது’ என்கிறார். படுக்கை தேவைப்படுகிறது, அனுப்பிவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அவர் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று கேளுங்கள். கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட் போன்ற சர்க்கரை மாத்திரைகள் இன்னும் பல மணி நேரம் வேலை செய்யும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மேலும் நீளும். ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்ததும் வீட்டில், தூக்கத்தில், மீண்டும் இறங்கும். ஆகவே அவரை வார்டில் வைத்து, சாப்பிட வைத்து, திரும்பத் திரும்பச் சர்க்கரை பார்க்க வேண்டும். விரதத்தைப் பழித்துப் பேசினால் அடுத்த ஆண்டு உண்மையைச் சொல்லாமல் மறைத்துவிடுவார். விரதத்துக்கு முன்பே கிளினிக்கில் மாத்திரை அளவைப் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்புவதும் நம் வேலை.

‘இதெல்லாம் டாக்டரின் வேலை அல்லவா?’ என்று சிலர் கேட்பார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பதிவுபெற்ற செவிலியரின் பணி எல்லையை வகுத்த 1984ஆம் ஆண்டின் ஆர் 2598 ஒழுங்குவிதி, நோயாளியின் உடல்நலத் தேவையைக் கண்டறிவதையும் அதற்கேற்ற செவிலியப் பராமரிப்பை வகுத்துச் செயல்படுத்துவதையும் செவிலியரின் பணியாகவே வைத்தது. 2010இலிருந்து, பயிற்சி பெற்ற செவிலியர்களே எச்ஐவி மருந்துகளைத் தொடங்கி வருகிறார்கள். ஊர்ப்புறக் கிளினிக்கில் நோயாளி பார்க்கும் ஒரே ஆள் பலநேரம் சிஸ்டர்தான். டோலுடெகிராவிர் என்ற எச்ஐவி மருந்தை எடுப்பவருக்குச் சர்க்கரையும் இருந்தால், அந்த மருந்து உடலில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அளவைக் கூட்டிவிடும். ஆகவே மெட்ஃபார்மினை நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிபிக்கான ரிஃபாம்பிசின் மருந்து சேர்ந்தால் டோலுடெகிராவிரை நாளுக்கு இரண்டு வேளையாக்க வேண்டும். மூன்று நோய்க்கு மூன்று அட்டை வைத்திருக்கும் நோயாளியின் மருந்துகளை ஒரே மேசையில் பரப்பிப் பார்க்கும் ஒருவர் வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

எப்படிப் பழகுவது என்று கேட்டீர்கள். நான் மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பயிற்சி, அட்டையைத் திறக்கும் முன் ஊகிப்பது. படுக்கையருகே போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். நிறம், மூச்சு, முகம், கால், தட்டில் மிஞ்சிய சாப்பாடு, சிறுநீர்ப் பை. இவருடைய நாடி எவ்வளவு இருக்கும், இரண்டு மணி நேரத்தில் எப்படி இருப்பார் என்று மனத்தில் ஒரு எண் சொல்லிக்கொண்டு பிறகு அளவெடுங்கள். ஊகம் பொய்க்கும் இடத்தில் ஏன் பொய்த்தது என்று தேடுங்கள். வேறெந்தப் பயிற்சியும் கண்ணை இவ்வளவு வேகமாகக் கூர்மையாக்கி நான் பார்த்ததில்லை.

மருந்து கொடுக்கும்போது ‘இது எதற்கு?’ என்பதோடு ‘இவருக்கு ஏன், இன்று ஏன்?’ என்றும் கேளுங்கள். நேற்றுவரை சரியாக இருந்த இரத்த அழுத்த மாத்திரை இன்று 94 அழுத்தத்தோடு படுத்திருப்பவருக்குச் சரியா? ஷிஃப்ட் மாறும்போது, போகிற சிஸ்டரிடம் ‘இந்த வார்டில் உங்களுக்கு யாரைப் பற்றிக் கவலை?’ என்று கேளுங்கள். அறிக்கையில் எழுத முடியாத ஓர் உறுத்தல் அவருக்கு இருக்கும். அனுபவசாலியின் உறுத்தலைத் தகவலாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தாரின் பேச்சும் அப்படியே. ‘அம்மா இன்றைக்கு அம்மா மாதிரி இல்லை, சிஸ்டர்’ என்று மகள் சொன்னால் உடனே போய்ப் பாருங்கள். முதியோருக்குத் தொற்று பரவும்போது காய்ச்சலுக்கு முன்னால் குழப்பம் வரலாம். அதை முதலில் காண்பது மகள்தான்.

உங்கள் நோயாளியை வேறு வார்டுக்கோ தீவிர சிகிச்சைக்கோ மாற்றிவிட்டால் அங்கே போய் என்ன ஆயிற்று என்று விசாரியுங்கள். முடிவு தெரியாத ஊகத்திலிருந்து ஒன்றும் கற்க முடியாது. டியூட்டி முடிந்ததும் நோயாளியின் பெயரோ அடையாளமோ இல்லாமல் நான்கு வரி எழுதிவையுங்கள்: என்ன பார்த்தேன், என்ன நினைத்தேன், வேறு என்ன நினைத்திருக்கலாம், என்ன நடந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 12 மணி நேர டியூட்டியின் கடைசியில், ஆள் பற்றாத வார்டில், விடியற்காலை நான்கு மணிக்கு யாருக்கும் மூளை தெளிவாக ஓடாது. அந்த நேரத்தில் தாளை நம்புங்கள், கணக்கை எழுதிப் போடுங்கள், இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஆள் போடாத நிர்வாகத்தின் பழியை ‘உனக்குச் சிந்தனை போதாது’ என்று இளம் செவிலியரின் தலையில் கட்டுவது அநியாயம்.

கடைசியாக அந்தத் திமிர் விஷயம். உங்கள் ஊகம் எவ்வளவு சரியாக இருந்தாலும் வாய்க்குள் இருந்தால் ஆயாவுக்குப் பயனில்லை. ‘சிஸ்டர், ஏன் அவரைக் காக்க வைத்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டால் யாருக்கும் கோபம் வரும். ‘சிஸ்டர், பிரஷர் கொஞ்சம் குறைவு’ என்று முனகினால் யாரும் திரும்ப மாட்டார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்த ஒரு வரிசை இருக்கிறது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அதில் பேசுங்கள். ‘சிஸ்டர், பெஞ்சில் இருக்கும் 68 வயது அம்மாவுக்கு அழுத்தம் 108, சுவாசம் 22, கை சில்லிட்டிருக்கிறது. வழக்கமாக 165 இருப்பவர், அடினோலால் எடுக்கிறார், பல வாரமாக ஐபுபுரூஃபன், மலம் தார் போலக் கறுப்பு. உள்ளே இரத்தம் கசிகிறதோ என்று சந்தேகிக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்த்து, ஆரஞ்சுக்கு மாற்ற முடியுமா?’ அரை நிமிடம்கூட ஆகாது. இதில் திமிரைக் காண யாராலும் முடியாது. காரணங்கள் முன்னால் நிற்கின்றன, முடிவு அவர் கையில் இருக்கிறது.

அப்படியும் ‘போய் உன் வேலையைப் பார்’ என்றால், பத்து நிமிடத்தில் மறுபடி அளவெடுங்கள். எண் மாறியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு மீண்டும் போங்கள். மாறாவிட்டாலும் கவலை தீரவில்லை என்றால் பொறுப்பு சிஸ்டரிடம், பிறகு டாக்டரிடம், உங்கள் கல்லூரிப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். முதலில் சொன்னவரிடம் ‘நான் டாக்டரிடமும் கேட்கப் போகிறேன், சிஸ்டர்’ என்று தெரிவித்துவிட்டுப் போவது மரியாதை. பிறகு கேஸ் ஷீட்டில் நேரம், அளவுகள், யாரிடம் சொன்னீர்கள், என்ன பதில் வந்தது என்பதைக் குற்றம்சாட்டும் சொல் ஒன்றும் இல்லாமல் எழுதுங்கள்; அடுத்த அளவை எத்தனை மணிக்கு எடுக்கப் போகிறீர்கள் என்பதையும் அதே வரியில் குறித்துவிடுங்கள்.